வந்தது வந்தபடி: அண்ணனின் ஆராய்ச்சியும் என் பொத்தான் பையும்

என் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து, வழிபாட்டில் நின்று, வாழையிலையில் ஏழு கறியோடு உணவருந்தி, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். கறிகளில் ஏதாவது ஒன்றில் உப்புக் குறைந்திருந்தால் அதற்கும் நானே பொறுப்பு.

கோவில் வகுப்பில் கற்ற தமிழ்தான் எனக்கு உண்டு. வீட்டில் நாங்கள் பேசியது அம்மாவின் தமிழும் தெருவின் கிரியோலும் கலந்த பேச்சு. அதை இங்கே தமிழ்ப் பக்கமாகச் சாய்த்து எழுதியிருக்கிறேன். அண்ணன் தம் கணக்குகளை ஆங்கிலத்திலும் கோபத்தைக் கிரியோலிலும் சாமியைத் தமிழிலும் வைத்துக்கொண்டவர். கோபம் மிகக் குறைவு என்பதால் அவரிடம் கிரியோலும் குறைவாகவே கேட்டோம்.

இதை எழுதச் சொன்னவர்கள் பிறப்பு, படிப்பு, பணி, குணம் என்று கேட்டார்கள். அத்தனையும் தருகிறேன். ஆனால் நான் எழுத ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. அண்ணன் இரண்டாம் முறை இங்கிலாந்துக்குப் போகாதது ஏன் என்று நம் குடும்பத்தில் பல ஆண்டுகளாக ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு தவறு. தவறு என்று குடும்பத்தில் அறிந்திருந்தவர்கள் இருவர்தான். ஒருவர் போய்விட்டார், மற்றவர் நான்.

அண்ணன் பிறந்தது நம் தீவின் கிழக்கே ஃப்ளாக் மாவட்டத்தில் உள்ள கான் தெ மாஸ்க் கிராமத்தில். அப்பா கரும்புத் தோட்டத்தில் வெட்டு வேலை செய்தார். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் திரண்ட ஆண்டில் அண்ணனுக்கு ஏழு வயது, எனக்கு நான்கு. அப்பாவும் கூட்டத்தோடு நடந்தார். எல்லாம் அடங்கிய பிறகு தோட்டத்து மேலாள் ஆட்களை வரிசையில் நிறுத்தி, யார் யார் போனீர்கள் என்று கேட்டாராம். பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்பா மட்டும், "நானும் போனேன்" என்றார். வேலை போயிற்று. நாங்கள் இருந்த அறை தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் அதுவும் போயிற்று. "வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவின் வாய் அண்ணனுக்கு வந்தது. எனக்கு வந்தது அம்மாவின் வாய் என்பதைப் பின்னால் தெரிந்துகொள்வீர்கள்.

பீனிக்ஸுக்கு வந்தோம். அப்பாவுக்கு ரயில் பாதையில் சரளைக் கல் கொட்டும் வேலை கிடைத்தது. அம்மா ஆடு வளர்த்தார். நான் பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் தையல் கற்றேன். அண்ணன் படித்தார், வேறொன்றும் செய்யவில்லை. தண்ணீர் எடுத்து வரச் சொன்னால் வாளியைக் கிணற்றடியில் வைத்துவிட்டுப் புத்தகத்தோடு திரும்புவார். வாளியைத் தேடி நான் போவேன். தீவு முழுவதிலும் கல்லூரித் தேர்வில், அதாவது உயர்நிலைப் பள்ளியின் கடைசித் தேர்வில், முதலாவதாக வருபவர்களை அரசாங்கம் இங்கிலாந்துக்கு அனுப்பும். அவர்களை நாம் லொரேயா என்போம். அண்ணன் லொரேயா ஆன செய்தியைத் தபால்காரர் ரயில் பாதைக்கே போய் அப்பாவிடம் சொன்னார். அப்பா கூடையை இறக்கி வைத்துவிட்டு, சரளைமேல் சிறிது நேரம் உட்கார்ந்திருந்து, பிறகு மறுபடி கூடையைத் தூக்கினாராம். 

இங்கிலாந்தில் அண்ணன் கோட்பாட்டு இயற்பியல் படித்து முனைவர் பட்டம் பெற்றார். அங்கேயே இருக்கச் சொன்னார்கள். அப்பா காலமாகிவிட்டார், அம்மாவுக்குக் கண் மங்குகிறது என்று நான் எழுதிய கடிதம் கிடைத்ததும் கப்பலேறி வந்துவிட்டார். அவர் கொண்டு வந்தவை மூன்று: ஒரு பெட்டி புத்தகம், கைப்பிடியைச் சுழற்றினால் பெருக்கியும் வகுத்தும் தரும் பழைய கணக்குப் பொறி ஒன்று, கிழிந்த கம்பளிச் சட்டை ஒன்று. சட்டையை நான் தைத்துக் கொடுத்தேன். மேட்டு ஊர்க் கல்லூரி ஒன்றில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

அவர் பாடம் நடத்திய விதத்தைப் பற்றி மாணவர்கள் இம்மலரில் தனியாக எழுதியிருக்கிறார்கள். நான் அறிந்தது ஒன்றுதான். கரும்பலகையில் தவறாகப் போட்ட வரியை அவர் அழிக்க மாட்டார். அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு அப்படியே விட்டுவிட்டு, கீழே சரியானதை எழுதுவார். வகுப்பு முடியும்போது பலகையில் பாதி கட்டங்களாக இருக்குமாம். சுண்ணாம்புக் கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். அந்தச் சட்டைகளைத் துவைத்தவள் என்பதால் அவர் பாடம் எவ்வளவு நேரம் நடந்தது என்பதை நான் வீட்டிலிருந்தே சொல்லிவிடுவேன்.

நான் ஒழுங்குப் பைத்தியம். அதை மறைப்பதில் பயனில்லை, உங்களில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கியவர்கள். பொத்தான்களை நிறவாரியாகவும் நூல்களைப் பருமன் வாரியாகவும் வைப்பேன். அண்ணனுடைய தாள்களை ஒருநாள் பெரியது கீழே, சிறியது மேலே என்று அழகாக அடுக்கி வைத்தேன். மூன்று வாரக் கணக்கு கலைந்துபோயிற்று. அன்றுதான் அவர் வாயில் நீளமான கிரியோலைக் கேட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் கோவிலுக்கு மாலை கட்டிக் கொடுப்பதும் என் வழக்கம், இன்றும் செய்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது சற்றுப் பொறுத்தால் விளங்கும்.

அண்ணன் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தது ஒழுங்கில்லாத பொருள்களைப் பற்றி. அப்படிப்பட்டவர் என்னோடு ஒரே வீட்டில் இருந்தார். ஒருமுறை கான் தெ மாஸ்க்குக்கு உறவினர் திருமணத்துக்குப் போகும் வழியில், வயல்களில் பொறுக்கிக் குவித்திருக்கும் கருங்கற்களைக் காட்டி எனக்கு விளக்கினார். அணுக்கள் கரும்பு நட்ட வரிசைபோல் சீராக நின்றால், எலக்ட்ரான் அலையாக மாறிக் கடைசிவரை ஓடிவிடும். அணுக்கள் இந்தக் கற்களைப் போல் கண்டபடி கிடந்தால், அலை ஒவ்வொன்றிலும் மோதிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். திரும்பியவை எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, கடைசியில் அலை புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அடங்கிவிடும். இதை வெளிநாட்டில் ஓர் அறிஞர் அப்போதுதான் சொல்லியிருந்தார். பலர் நம்பவில்லை என்றும் அதைச் செய்து பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அண்ணன் சொன்னார். திருமண வீட்டில் இதைக் கேட்ட எங்கள் மாமா, அதாவது குட்லண்ட்ஸில் கடை வைத்திருக்கும் அம்மாவின் தம்பி, "அப்ப அது பொறந்த எடத்த விட்டு நகராதுன்னு சொல்லு மருமவனே, நம்ம சனம் மாதிரி" என்றார். பந்தியே சிரித்தது, அண்ணனும் சிரித்தார்.

செய்து பார்ப்பது என்றால் கணக்குப் போடுவது. இரண்டு வகை அணுக்களை ஒரு வரிசையில் தாறுமாறாக நிறுத்தி, ஒவ்வோர் அணுவைத் தாண்டும்போதும் அலை என்ன ஆகிறது என்று பொறியைச் சுழற்றிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வரிசையில் நூற்றுக்கணக்கான அணுக்கள். அப்படிப் பல வரிசைகள். தாறுமாறுக்கு எங்கே போவது என்று யோசித்தவர் என் தையல் பெட்டியைப் பார்த்தார்.

"தங்கச்சி, ஒரே அளவுல கறுப்புப் பொத்தான் அம்பது, வெள்ளைப் பொத்தான் அம்பது இருக்குமா?"

இருந்தது. ஒரு துணிப் பை தைத்து அதற்குள் போட்டுக் கொடுத்தேன். பார்க்காமல் ஒன்றை எடு, நிறத்தை எழுது, திரும்பப் போட்டுக் குலுக்கு, அடுத்ததை எடு. இதுதான் வேலை. கல்லூரியிலிருந்து வந்ததும் நான் எழுதி வைத்த வரிசையை எடுத்துக்கொண்டு உட்காருவார். தையல் இயந்திரம் சுழற்றிப் பழகிய கை என்பதால் கணக்குப் பொறியையும் நானே சுழற்றினேன், அவர் எண்களை எழுதிக்கொண்டார். கரோல் புயல் அடித்துக் கல்லூரிக் கூரையைப் பிய்த்துப்போட்ட பிறகு, வாரக்கணக்கில் பள்ளி இல்லை. எங்கள் சமையலறைத் தகரமும் பறந்துபோயிருந்தது. வரிசைக் குறிப்பேடுகளை மட்டும் நான் அரிசி டிரம்முக்குள் போட்டுக் காப்பாற்றியிருந்தேன். அந்த வாரங்களில் அம்மா திறந்தவெளியில் சமைக்க, நாங்கள் இருவரும் காலை முதல் மாலை வரை கணக்குப் போட்டோம். என் வாழ்க்கையில் நான் மிக மகிழ்ச்சியாக இருந்தது அப்போதுதான்.

ஒருநாள் அண்ணன் எழுதுவதை நிறுத்திவிட்டு, "கெத் சா, தங்கச்சி. இதப் பாரு" என்றார். எல்லா இடத்திலும் அலை அடங்கிப் போகிறது. ஆனால் சில ஆற்றல்களில் மட்டும் அடங்காமல் நெடுந்தூரம் போகிறது. தாறுமாறான வரிசைக்குள் ஒரு பாதை திறந்திருக்கிறது. யாரும் சொல்லாத விஷயம். மறுபடி போட்டுப் பார்த்தோம், புதிய வரிசைகளில் போட்டுப் பார்த்தோம், பாதை இருந்தது. அன்று அவர் என்ன உண்கிறோம் என்று தெரியாமலே இரண்டு தட்டுச் சோறு உண்டார். வெள்ளிக்கிழமை நான் கூப்பிடாமலே கோவிலுக்கு வந்தார்.

கட்டுரை எழுதித் தம் பழைய பேராசிரியருக்கு அனுப்பினார். சில மாதங்களில் பதில் வந்தது. தம் பல்கலைக்கழகத்திலேயே ஆராய்ச்சிப் பதவி, இந்தப் பாதையைப் பற்றித் தொடர்ந்து ஆராயலாம், வழிச்செலவும் அவர்களுடையது. அம்மாவையும் என்னையும் ஓராண்டில் அங்கே அழைத்துக்கொள்வதாக அண்ணன் சொன்னார். நான் சாம்பல் நிறத்தில் சூட் தைத்தேன். உறவுகளைக் கூப்பிட்டு ஏழு கறி விருந்து போட்டோம். மாமா இரண்டு பஸ் மாறி அன்னாசிப் பழங்களோடு வந்து, வந்தவர்களிடமெல்லாம் தாமே அந்தக் கணக்கைப் போட்டது போலப் பேசிக்கொண்டிருந்தார். உங்களில் பலர் அந்த விருந்தில் இருந்தீர்கள்.

புறப்படுவதற்கு முன் தம் மேல்வகுப்பு மாணவர்களுக்குப் பயிற்சியாக இதே வேலையைக் கொடுத்தார் அண்ணன். ஆறு பேர், ஆளுக்கொரு பை, அவரவர் வீட்டுப் பொத்தான்கள். ஆறு பேர் வரிசையிலும் பாதை இல்லை. கூட்டலில் தவறு என்று எண்ணி மறுபடி போடச் சொன்னார். அப்போதும் இல்லை. அவரே உட்கார்ந்து சரிபார்த்தார். மாணவர்கள் போட்டது சரியாக இருந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. திருவிழா நடந்துகொண்டிருந்ததால் அன்றும் மாலை வேண்டியிருந்தது. நான் வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தட்டில் பரப்பிக் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் என் வரிசைக் குறிப்பேடுகளை எல்லாம் மேசையில் விரித்து, சிவப்புப் பென்சிலால் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அந்தப் பையக் கொண்டா. என் முன்னால கொஞ்சம் எடு."

எடுத்தேன். வெள்ளை. கறுப்பு. பிறகு வெள்ளை, வெள்ளை, வெள்ளை. அடுத்ததும் வெள்ளை வந்தது. அதைப் பைக்குள் போட்டு, நன்றாகக் குலுக்கி மறுபடி எடுத்தேன். கறுப்பு. எழுதினேன்.

"ஏன் திருப்பிப் போட்ட?"

"எத?" என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

"நாலாவது வெள்ளைய."

"அதுவா. பை சரியா குலுங்கல அண்ணே. ஒரே நிறம் நாலு தடவ வருமா? மறுபடி எடுத்தா சரியா வந்துடும்."

"எப்பவும் இப்படித்தான் செய்வியா?"

"எப்பவும். மொத நாள்லேருந்து." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். என் வேலையில் குறை வைக்காதவள் என்று அவருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

அண்ணன் தட்டில் பாதி கட்டிக் கிடந்த மாலையைப் பார்த்தார். "மாலையிலயும் இப்படித்தானா?"

"மூணுக்கு மேல ஒரே நிறம் சேந்தா பூசாரி திருப்பிக் குடுத்துடுவார் அண்ணே. கண்ணுக்கு நல்லா இருக்காது."

"அயோ, தங்கச்சி" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உள்ளேயிருந்து அம்மா, "கி அரிவே? என்ன ஆச்சு?" என்று கேட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, எதற்கென்று தெரியாமலே. பிறகு அவர் சிரிப்பது நின்றுவிட்டது. சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"தாறுமாறுன்னா நாலும் வரும், ஏழும் வரும். அப்படி ஒண்ணா சேந்து நிக்கிற எடத்துலதான் அலை மாட்டிக்கும். நீ அந்த எடத்த எல்லாம் எடுத்துட்ட."

ஒவ்வோர் ஏடாக எனக்குக் காட்டினார். ஆயிரக்கணக்கான பொத்தான்களில் ஓரிடத்திலாவது நான்கு கறுப்போ நான்கு வெள்ளையோ சேர்ந்து வரவில்லை. அத்தனை பக்கத்தையும் நான் மாலையாகக் கட்டி வைத்திருந்தேன்.

இங்கேதான் என் வெட்கம் தொடங்குகிறது. தவறு செய்ததற்கு நான் அவ்வளவு வெட்கப்படவில்லை. அதற்குப் பிறகு பேசியதற்கு வெட்கப்படுகிறேன்.

"கடுதாசி போட வேணாம் அண்ணே" என்றேன். "சூட்டு தெச்சாச்சு. ஏழு கறி போட்டாச்சு. மாமா ஊரெல்லாம் சொல்லியாச்சு. அங்க போயி சரி பண்ணிக்கலாமே. அவங்க என்ன, நம்ம வீட்டுக்கு வந்து பொத்தானா எண்ணப் போறாங்க?"

அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. "அவங்க கூப்பிட்டது அந்தப் பாதையக் கண்டுபிடிச்ச ஆள" என்றார். "அந்தப் பாதை அணுவுல இல்ல தங்கச்சி. உன் கையில இருந்துச்சு."

அன்று பிற்பகலே கடிதம் எழுதினார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகவும், தம் முறையில் பிழை நேர்ந்துவிட்டதாகவும், பதவிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுக்கும்படியும் எழுதியிருந்தார். எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"நான்தான் பண்ணேன்னு எழுதுங்க அண்ணே. அப்ப உங்க மேல தப்பு இல்லேன்னு தெரிஞ்சுக்குவாங்க."

"வந்தது வந்தபடி எழுதுன்னு உனக்கு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. ஒழுங்கான ஆளுன்னுதான் உன்கிட்ட குடுத்தேன், ஒழுங்காத்தான் செஞ்ச."

பேராசிரியர் மரியாதையாகப் பதில் எழுதினார். இந்த நேர்மையை மதிப்பதாகவும், பதவி அந்த ஆராய்ச்சிக்கென்றே ஏற்பட்டதால் வருந்துவதாகவும் எழுதினார். அம்மாவிடம், தமக்குப் போக விருப்பமில்லை என்று மட்டும் அண்ணன் சொன்னார். சூட் வீணாகக் கூடாது என்று திங்கள்தோறும் அதைப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனார். ஒரே பருவத்தில் அதன் முழங்கை வெளுத்துவிட்டது.

பிறகு தொடங்கியது பேச்சு. இங்கிலாந்துக்காரன் கணக்கைப் பார்த்துவிட்டு ஆள் தேறாது என்று எழுதிவிட்டானாம். பட்டம்கூட அரைகுறைதானாம். அம்மா முந்தானையை விட்டு வர மனமில்லாதவராம். மாமா ஒரு திருமணத்தில், "மருமவனும் அந்த எலக்ட்ரான் மாதிரி ஆயிட்டார், பொறந்த எடத்தத் தாண்ட மாட்டேங்குறார்" என்றார். இப்போதும் பந்தி சிரித்தது. அண்ணனும் சிரித்தார். நான் அவருக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தேன். என் வாயில் சோறு இருந்தது. சோற்றை விழுங்கிவிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், "நான் மாமாகிட்ட சொல்லிடவா அண்ணே?" என்று கேட்டேன். "வேணாம். அப்புறம் உன்னப் பேசுவாங்க, எனக்குப் பழகிப்போச்சு" என்றார். அவர் வேண்டாம் என்றதும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடுதான் அத்தனை ஆண்டும் உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வந்துபோனேன். மேலாள் கேட்டபோது அப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தையை, யாரும் கேட்காதபோதும் நான் சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணன் மனம் உடைந்துபோனார் என்று யாரும் எண்ண வேண்டாம். மாணவர்கள் போட்ட வரிசைகளை வைத்து, அலை அடங்கிவிடுகிறது என்பதைக் காட்டும் கட்டுரை ஒன்றை எழுதினார். அது வெளிநாட்டு ஏட்டில் சிறியதாக வந்தது. ஆறு மாணவர்களின் பெயரும் அதில் உண்டு. என் குறிப்பேடுகளை அவர் எறியவில்லை. தாறுமாறுக்குள் யாரோ ஒருவருடைய கைப்பழக்கம் சிறிது கலந்திருந்தால் அலை என்ன செய்யும் என்பது தனிக் கேள்வி, அதற்கும் விடை வேண்டும் என்றார். அந்த ஏடுகளின் அட்டையில் "தங்கச்சியின் வரிசை" என்று தமிழில் எழுதி, கடைசிவரை அதில் வேலை செய்தார். முடிக்கவில்லை. சனிக்கிழமைகளில் எங்கள் முன்னறையில் இலவசமாக நடத்திய வகுப்பில் இந்தக் கதையை மாணவர்களுக்குச் சொல்வாராம், "எனக்குத் தெரிந்த ஒருவர்" என்று தொடங்கி. அவர் இருந்தவரை அது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. சனிக்கிழமைதோறும் அவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான்.

நாங்கள் இருவருமே மணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டுக் களைத்தவர்களுக்கு நன்றி.

அம்மா காலமாகி இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அண்ணனுக்கு இரத்தத்தில் நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். சென்ற ஆண்டுத் தேர்தலன்று நடக்க முடியாமல் இருந்தார். பழைய மாணவர்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் வாக்களிக்க வைத்தார்கள். அன்றைக்குச் சாம்பல் நிறச் சூட்டைத்தான் கேட்டார். உடம்பு இளைத்து அது தொளதொளவென்று இருந்தது. இடுப்பில் ஊசி குத்திப் பிடித்துக் கொடுத்தேன். இவ்வாண்டு நம் தீவு விடுதலை பெற்றுப் புதிய கொடி ஏறிய நாளை அவர் காணவில்லை.

படுக்கையில் இருந்த கடைசி வாரங்களில் என் பழைய ஏடுகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். கறுப்பு, வெள்ளை, வெள்ளை, கறுப்பு என்று நான் வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். ஒரு காலையில், "மாலை இப்பவும் அப்படித்தான் கட்டுறியா?" என்றார்.

"அப்படித்தான் அண்ணே. கை வேற மாதிரி போக மாட்டேங்குது."

"கட்டு. சாமிக்கு அதுதான் நல்லா இருக்கும்."

இரண்டு நாள் கழித்து, பகல் வேளையில், அமைதியாகப் போய்விட்டார்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் குட்லண்ட்ஸுக்குப் போய் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். தமிழ் வாசிக்கத் தெரியாதவர் என்பதாலும், அவர் பெயரைச் சந்திக்கு இழுக்கிறேன் என்பதாலும். கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் சிறிது நேரம் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கல்யாணத்துல அவரும்தானே சிரிச்சார்" என்றார்.

"சிரிச்சார் மாமா."

"நீ பக்கத்துலதானே ஒக்காந்திருந்த?"

"ஆமா மாமா. நான்தான் பேசல."

"நான் சொன்னது ஒண்ணையும் எடுத்துடாத. அப்படியே போடு" என்றார். பிறகு கடைக்குப் போய்விட்டார். அப்படியே போட்டிருக்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அண்ணனை மருத்துவமனையில் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், அவரைச் சுமந்த மாணவர்களுக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக் குடும்பத்துக்கும், ஈமக்கிரியைகளை நடத்தி வைத்த பூசாரிக்கும், கடல் தாண்டி இரங்கல் கடிதம் எழுதிய பேராசிரியருக்கும் என் வணக்கம். பேராசிரியருக்கு நானும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். மாணவர் ஒருவர் அதை ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுத்தார். அதில் பொத்தான்களைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு விளக்கம். இம்மலரின் முதல் பக்கத்தில் அண்ணனின் படமும் அதற்குப் போட்ட மாலையும் இருக்கின்றன. அச்சில் சிவப்பு அரளி கறுப்பாகத்தான் விழுந்திருக்கிறது. மாலையில் ஓரிடத்தில் ஐந்து வெள்ளை சேர்ந்து நிற்பதையும், கீழே கறுப்பு ஏழு ஒன்றாக நிற்பதையும் பார்த்து, யாரோ கட்டத் தெரியாதவர் கட்டியது என்று நினைப்பீர்கள். நான்தான் கட்டினேன். அந்தப் பழைய துணிப் பையில் பூக்களைப் போட்டு, பார்க்காமல் கைவிட்டு எடுத்துக் கட்டினேன். நான்காவது வெள்ளை வந்தபோது கை தானாகப் பைக்குத் திரும்பியது. விடவில்லை.